எமில் க்ராலின் இருபத்து நான்கு காந்தங்கள்

புல் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, விமானத்தின் மூக்கை நேர் வடக்காக நிறுத்தியிருந்தார்கள். உள்ளே இருந்த திசைகாட்டி, தென்கிழக்கு என்றது.

லூடி இறங்கி வந்து கையில் இருந்த இன்னொரு திசைகாட்டியைப் பார்த்தாள். வடக்குதான். மறுபடி ஏறி உட்கார்ந்தாள். தென்கிழக்கு.

வாலைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவின் நண்பர் லெராய் கேட்டார். "என்னவாம்?"

"தென்கிழக்கு."

"கொஞ்சம் பிடிவாதம். க்ரால் குடும்பத்துச் சாமான்தானே."

விமானத்தைக் கட்டியவர் லூடியின் அப்பா எமில் க்ரால். ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். இதயம். லூடி வேலை பார்ப்பது இதயத் துடிப்பை அளக்கும் கருவிகள் செய்யும் கம்பெனியில். அதைப் பற்றி யாரும் அவளிடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

இது அக்டோபர், திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை ஆய்வாளர் டிங்மன் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் பறக்கலாம். இந்த வாரத்தை விட்டால் அவருக்கு அடுத்த தேதி பனி உருகிய பிறகுதான். அதுவரை விமானத்தை வைக்க இடமில்லை. மாதக் கடைசியில் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். விமானத் திடலின் சொந்தக்காரர் ஹோரக் அதைக் குளிர்காலத்துக்குப் படகு நிறுத்த விட்டுவிட்டார். போதாக்குறைக்கு, ஆற்றோரச் சதுப்பில் வாத்து வேட்டைக்குப் போகும் ஒருவன், தன் தட்டைப் படகின் பின்னால் மாட்ட எஞ்சின் மட்டும் வேண்டும் என்று கேட்டிருந்தான். மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றும் யோசனை சொன்னான். வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆகாவிட்டால் சனிக்கிழமை லாரி கொண்டுவரச் சொல்லி லூடியின் அம்மா அடெல் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஓடாத ஒண்ணுக்குப் பதினேழு வருஷம் காபி போட்டாச்சு. வாத்துக்காரனுக்காவது பயன்படட்டும்," என்றாள் அடெல்.

டிங்மன் தொலைபேசியில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லியிருந்தார். "மத்த கருவியெல்லாம் செத்தாலும் திசைகாட்டி உயிரோட இருக்கும். அது பத்து டிகிரிக்கு மேல பொய் சொன்னா மிச்சத்தைப் பாக்காமலே நான் வண்டியைத் திருப்பிடுவேன்."

லூடி கணக்குப் போட்டாள். இப்போதைய பொய், நூற்று முப்பது டிகிரி.

*

எமில் பால் லாரிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். நாற்பது வருடம் அந்த வேலை. காலையில் உள்ளே வரும் லாரியின் கியர் பெட்டியைப் பிரித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். யோசிக்கவே மாட்டார். தன்னைக் கல்யாணத்துக்குக் கேட்டதுகூட அப்படித்தான் என்பாள் அடெல். சர்ச் விருந்தில் உருளைக்கிழங்கு பரிமாறும்போது கேட்டார். குழம்பு ஊற்றுவதற்குள் பதில் வாங்கிவிட்டார்.

விமானத்திலும் முதல் பத்து வருடம் அதே வேகம்தான். இறக்கைகளுக்கு மூன்று குளிர்காலம், உடம்புக்கு ஐந்து, எஞ்சினுக்கு இரண்டு. எல்லாம் அலுமினியம், எல்லாம் கையால் அடித்த ரிவிட் ஆணி. அதன் பிறகு நான்கு சின்னப் பெட்டிகள் பாக்கி. பக்கத்தில் இருப்பவரோடு பேச ஒரு இன்டர்காம். வழி காட்டும் திரை. எஞ்சின் புகை உள்ளே கசிந்தால் கத்துகிற எச்சரிக்கைப் பெட்டி. கைபேசிக்கு ஒரு சார்ஜர். ஒவ்வொன்றும் சோப்புக் கட்டி அளவு.

அவற்றை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்ய எமிலுக்கு ஏழு வருடம் போதவில்லை.

தப்பு முழுக்க அவருடையது என்று சொல்ல முடியாது. ஹோரக்கின் திடலில் ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமை காலையில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் எல்லாரும் யாராவது ஒருவரின் கொட்டகையில் கூடுவார்கள். கட்டியவர் உள்ளே ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டு, இல்லாத ஓடுபாதையில் ஓடி, இல்லாத வானத்தில் ஏறுவார். மற்றவர்கள் இரண்டு பக்கமும் காபிக் கோப்பையோடு நின்று, "ரேடியோவைத் தொடு! புகைப் பெட்டியைத் தொடு!" என்று அதட்டுவார்கள். கண் திறக்காமல் கை நேரே அங்கே போக வேண்டும். தடவினால் தோல்வி. தோற்றவருக்கு ஆளுக்கொரு யோசனை இலவசம்.

எமில் நல்ல மாணவர். ஒருவர் யோசனையையும் தட்ட மாட்டார்.

*

செவ்வாய்க்கிழமை லூடி மின்சாரம் முழுவதையும் துண்டித்துப் பார்த்தாள். மாற்றமில்லை. இரும்புத் திருகாணி எங்காவது இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. கடைசியில் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு ஊசியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கருவிப் பலகைக்கு முன்னால் மெல்ல நகர்த்தினாள்.

ஊசி தாவிப் போய்ப் பலகையில் ஒட்டிக்கொண்டது.

அலுமினியத்தில் ஊசி ஒட்டாது. லூடி ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருக்கையில் தலைகீழாகப் படுத்து, கால்களைப் பின்பக்கம் தூக்கிப் போட்டு, தலையைப் பலகைக்கு அடியில் நுழைத்து டார்ச் அடித்தாள்.

பலகையின் முதுகில் பிறை வடிவத்தில் வெள்ளி நிறக் காந்தம் ஒன்று பசை போட்டு ஒட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அந்தக் காந்தங்களை அவளுக்குத் தெரியும். நான்கு கிறிஸ்துமஸுக்கு முன்னால் எமில் கேட்டார்: "உங்க ஆபீஸ்ல தூக்கிப் போடற கம்ப்யூட்டர் டிஸ்க்குக்குள்ள நல்ல காந்தம் இருக்குமாமே?" பன்னிரண்டு டிஸ்க்குகளைப் பிரித்து, ஒன்றுக்கு இரண்டாக இருபத்து நான்கு காந்தங்களைப் பெட்டியில் போட்டு, ரிப்பன் கட்டி அனுப்பியவள் அவள்தான். எதற்கு என்று கேட்கவில்லை. ஸ்பானரை ஒட்டி வைக்க என்று நினைத்துக்கொண்டாள்.

"லெராய்," என்று உள்ளிருந்து கூப்பிட்டாள். "அப்பா பெட்டிகளை எதுல மாட்டி வச்சிருந்தார்?"

"முதல்ல வெல்க்ரோ ஒட்டுப்பட்டை. வெயில்ல பசை உருகி, பெட்டியெல்லாம் மடியில விழும். அப்புறம் உங்கப்பா பெரிய கண்டுபிடிப்பு ஒண்ணு பண்ணினார். பெட்டிக்குப் பின்னாடி ஒரு இரும்புத் தகடு, பலகைக்குப் பின்னாடி ஒரு காந்தம். துளையே போட வேண்டாம். பிடிக்கலன்னா எடுத்து வேற இடத்துல வச்சுக்கலாம். நாங்க எல்லாரும் கை தட்டினோம்."

"திசைகாட்டி பக்கத்துல காந்தத்தை வைக்கக் கூடாதுன்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

வெளியே லெராய் காபியை ஒரு தடவை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்போ திசைகாட்டி மாட்டலையே," என்றார் லெராய்.

*

ஒவ்வொரு காந்தத்துக்குப் பக்கத்திலும் கறுப்புப் பேனாவில் தேதியும் இரண்டு மூன்று வார்த்தையும் இருந்தன. எமிலின் கையெழுத்து. லாரி பழுதுச் சீட்டில் எழுதுவது போலவே, சுருக்கமாக. புதன்கிழமை முழுக்க லூடி தலைகீழாகக் கிடந்து, சூடான காற்றடித்துப் பசையை இளக்கி, ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். பெயர்ப்பதற்கு முன் வாசித்தாள். வெளியே நின்று லெராய் விளக்கம் சொன்னார்.

"'இன்டர்காம். முழங்கால்.'"

"ஆமா. ஜூலை மாசம் அரைக்கால் சட்டையில உக்காந்து இடம் பாத்தார். அருமையான இடம். நவம்பர்ல பஞ்சு வச்ச கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் போட்டு ஏறினார். முழங்கால் போய்ச் சத்தத்தை முழுசா திருகிடுச்சு. பக்கத்து சீட்ல நான். காதுல ஒயர் மாட்டியிருக்கேன். உங்கப்பா அந்த நேரம் பாத்துத் தும்மினார்."

"'திரை. எண்ணெய் மறைக்குது.'"

"எண்ணெய் அழுத்தம் காட்டற முள்ளை மறைச்சிடுச்சு. பரவாயில்ல, எண்ணெய் போனா மூக்குக்குத் தெரியும்னார். நம்ம பைலட் வெர்னிஸ் திட்டின திட்டுல எடுத்துட்டார்."

"'சார்ஜர். கைப்பிடி.'"

லெராய் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "அந்த ஒயர் விமானத்தைத் திருப்பற கைப்பிடியில சுத்திக்கிச்சு. விமானம் இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும். நான்தான் சொன்னேன், 'எமில், இந்தத் திடல்ல எல்லாரும் இடப்பக்கமாத்தானே சுத்தி இறங்கறோம், அப்படியே விட்டுடு'ன்னு."

"'புகைப் பெட்டி. லெராய்.' இது என்ன, உங்க பேர் மட்டும் இருக்கு?"

"அதை விடு."

"சொல்லுங்க."

"நம்ம கொட்டகையில மண்ணெண்ணெய் அடுப்பு ஒண்ணு வச்சிருந்தேன், குளிருக்கு. அதைப் பத்த வச்சாலே அந்தப் பெட்டி கத்தும். பெட்டி வச்ச இடம்தான் கோளாறுன்னு நான் சொன்னேன். பாவம், ஆறு தடவை இடம் மாத்தினார்."

லூடி தலையை வெளியே நீட்டினாள். "லெராய். பெட்டி சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. கோளாறு அடுப்புல."

"அது இப்பத் தெரியுது," என்றார் லெராய், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு. "எனக்கும் அந்தக் குளிர்காலம் பூரா தலைவலி."

கடைசித் தேதி மார்ச் இருபத்தொன்பது. அதன் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. லூடி அந்தக் காந்தத்தில் காற்றடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

மாலையில் எண்ணினாள். இருபத்திரண்டு. இரண்டு குறைந்தது.

*

வியாழக்கிழமை காலை, விமானத்தைச் சுண்ணாம்புக் கோட்டுக்குத் தள்ளிப் பார்த்தார்கள். வடக்கில் இருபத்தாறு டிகிரி தப்பு. கிழக்கில் பதினெட்டு. ஊசியை நூலில் கட்டி மூலை முடுக்கெல்லாம் தேடினாள். ஊசி எங்கேயும் தாவவில்லை. அந்த இரண்டு காந்தமும் இறக்கைக்குள்ளே எங்காவது இருந்தால் ரிவிட்டைப் பிரிக்க வேண்டும். ரிவிட்டைப் பிரித்தால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனாள். பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். கதவில் 2021-ஆம் வருட நாட்காட்டி தொங்கியது.

"அம்மா, இது ஏன் இன்னும் இங்க இருக்கு?"

"எடுத்துப் பாரேன்," என்றாள் அடெல். "உங்கப்பா ஏதோ ரெண்டு காந்தம் வச்சு ஒட்டிட்டுப் போனார். நானும் இழுத்தேன், பக்கத்து வீட்டுக்காரரும் இழுத்தார். மூணு வருஷமா எனக்கு அதே அக்டோபர்தான்."

லூடி நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்து நான்கும் கணக்கில் வந்துவிட்டன. அப்படியானால் விமானத்தில் காந்தமே இல்லை. காந்தம் இல்லாத விமானத்தில் திசைகாட்டி ஏன் பொய் சொல்கிறது?

பாதி ரொட்டியில் அவளுக்குப் புரிந்தது. திசைகாட்டியின் அடியில் இரண்டு குட்டித் திருகுகள் உண்டு. சுற்றிலும் இருக்கும் இரும்பால் வரும் பிழையை அவற்றைத் திருகிச் சரிக்கட்டலாம். எமில் கடைசியாகத் திசைகாட்டியை மாட்டியபோது அது தாறுமாறாகக் காட்டியிருக்கும். மனிதர் காந்தத்தைச் சந்தேகிக்கவில்லை. அந்த இரண்டு திருகையும் எவ்வளவு போகுமோ அவ்வளவு திருகி, பொய்யை முடிந்தவரை உண்மை மாதிரி ஆக்கப் பார்த்திருக்கிறார். இப்போது அவள் காந்தங்களை எடுத்துவிட்டாள். திருகு மட்டும் பழைய பொய்க்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

"எங்க போற? சாப்பிடு."

"அப்பா திருகை முழுசா முறுக்கிட்டார்மா."

"அவர் எதைத்தான் விட்டார்," என்றாள் அடெல்.

இரும்பு ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. பித்தளைத் தகடு ஒன்றை அரத்தில் தேய்த்து முனை செய்துகொண்டாள். இரண்டு திருகையும் நடுவுக்குக் கொண்டுவந்தாள். லெராய் வாலைத் தள்ளித் தள்ளி நான்கு திசைக்கும் திருப்பினார். வடக்கில் மூன்று டிகிரி. கிழக்கில் இரண்டு. தெற்கில் நான்கு. மேற்கில் ஒன்று.

"பாஸாயிடுச்சு," என்றார் லெராய், மூச்சிரைக்க. "எல்லாம் முடிஞ்சுது."

"முடியலை. நாலு பெட்டியும் தரையில கிடக்குது."

*

முதல் தடவை பறக்கப் போவது வெர்னிஸ் டுடெக். எழுபத்தொரு வயது. சோள வயலுக்கு மருந்தடிக்கும் விமானத்தை முப்பது வருடம் ஓட்டியவள். உயரம் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. எமில் ஆறடி மூன்று அங்குலம். வியாழக்கிழமை நான்கு மணிக்கு வந்து, இரண்டு தலையணை போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"பலகை எங்க இருக்கு? அடுத்த ஊர்லயா?"

"அப்பா கைக்குத் தோதா..."

"உங்கப்பா கை எனக்கு இருந்திருந்தா நான் படுத்துக்கிட்டே மருந்தடிச்சிருப்பேன். பேனாவை எடு. நான் கண்ணை மூடிக்கறேன். நீ பேரைச் சொல்லு. என் கை எங்க போகுதோ அங்க புள்ளி வை. யார் யோசனையும் வேண்டாம். லெராய், நீ வாயைத் திறந்தா இறங்கிடுவேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே!"

"மூச்சு விட்ட விதம் தெரிஞ்சுது."

லூடி பேரைச் சொன்னாள். வெர்னிஸின் கை போயிற்று. புள்ளி. நான்கு பெட்டிக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புள்ளிகள் நான்கும் எமில் ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்காத இடங்கள்.

லூடி துளைக் கருவியை எடுத்தாள். முனையைப் புள்ளியில் வைத்தாள். விசையை அழுத்தவில்லை.

பலகை வழுவழுவென்று இருந்தது. இந்தப் பெட்டிகளுக்காக ஒரு துளைகூட அதில் விழுந்ததில்லை. ஒரு துளை போட்டால் பிறகு அந்த இடம்தான்.

"எல்லாரும் என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார் லெராய் மெதுவாக. "எமிலுக்குப் பறக்கப் பயம், அதான் இழுத்தடிச்சார்னு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"பயந்தவன் பத்து வருஷத்துல எஞ்சின் வரைக்கும் வருவானா?"

"பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் வெர்னிஸ், இன்னும் கண்ணைத் திறக்காமல். "உன் யோசனையைக் கேட்டார், அதான் ஏழு வருஷம். லூடி, துளை போடறியா, இல்ல நான் தூங்கட்டுமா? தலையணை நல்லா இருக்கு."

லூடி அழுத்தினாள். அலுமினியம் சுருள் சுருளாக அவள் மணிக்கட்டில் விழுந்தது. சுட்டது. அடுத்த துளை. அதற்கடுத்தது. பதினாறு துளை போட்டு முடித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. துகள் என்று சொன்னாள்.

*

டிங்மன் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தார். மூன்று மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து பார்த்தார். ஒவ்வொரு ரிவிட் வரிசையையும் விரலால் தடவினார். இறக்கையின் அடியில் ரொம்ப நேரம் நின்று, "யார் அடிச்சது?" என்றார். "அப்பா," என்றாள் லூடி. "ம்," என்றார். அதற்கு மேல் பாராட்டத் தெரியாத மனிதர்.

திசைகாட்டியை எட்டுத் திசைக்கும் பார்த்தார். மிக அதிகமான பிழை நான்கு டிகிரி. அதையும் "ம்" என்று குறித்துக்கொண்டார். பிறகு உள்ளே உட்கார்ந்து நான்கு பெட்டிகளையும் பார்த்தார்.

"புகைப் பெட்டியை ஏன் இவ்வளவு கீழ வச்சிருக்கீங்க? இதெல்லாம் யார் கைக்கு?"

"பைலட் கொஞ்சம் குள்ளம் சார்."

"குள்ளம் இல்ல," என்றாள் வெர்னிஸ் வாசலில் இருந்து. "விமானம் உயரம்."

டிங்மன் திரும்பிப் பார்த்தார். பேனாவை எடுத்தார். தாளை இறக்கையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கட்டியவர் பெயர் என்ற இடத்தில் எமில் ஜே. க்ரால் என்று அவரே எழுதினார். எழுத்து எழுத்தாக, நிதானமாக.

அன்று மாலை அடெல் வாத்துக்காரனுக்குத் தொலைபேசி செய்தாள். லூடி பக்கத்தில்தான் இருந்தாள். "இல்லைங்க, வர வேண்டாம். எஞ்சினுக்கு மேல ஒரு விமானம் இருக்கு," என்றாள் அடெல், ஏதோ அவன்தான் அதைக் கவனிக்கத் தவறிவிட்ட மாதிரி.

*

சனிக்கிழமை காலை காற்றில்லை. திடலில் இருபது பேர் நின்றார்கள். அடெல் பழம் வைத்த ரொட்டி ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தாள். யாருக்கும் கொடுக்காமல் தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். லூடியின் கையில் ரேடியோ. திட்டம், திடலுக்கு மேலேயே இருபது நிமிடம், பிறகு இறங்குவது.

விமானம் ஓடியது. புல்லில் குதித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை திரும்பி வரவில்லை.

லெராய் தொப்பியைக் கழற்றினார். அடெல், "இவ்வளவு சுலபமா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

ரேடியோ கரகரத்தது. "எஞ்சின் சூடு சரி. எண்ணெய் சரி. தெற்கே போறேன். திசைகாட்டி நூத்தி எண்பத்திநாலு. எழுதிக்கோ."

லூடி எழுதிக்கொண்டாள்.

"மேற்கே. இருநூத்தி எழுபத்தொண்ணு. லெராய் அங்க இருக்கானா?"

"இருக்கார்."

"புகைப் பெட்டி கத்தலைன்னு சொல்லு."

லெராய் ரொட்டித் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது நிமிடம். விமானம் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் சாய்ந்து திரும்பியது. இறக்கையின் அடிப்பக்கம் முழுவதும் ஒரு கணம் வெளிச்சத்தில் தெரிந்தது, ரிவிட் வரிசை வரிசையாக. லூடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். திட்டப்படி இப்போது இறங்கச் சொல்ல வேண்டும். அவளேதான் அந்தத் திட்டத்தைத் தட்டச்சு செய்து, வெர்னிஸிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள்.

"லூடி," என்றது ரேடியோ. "நேரமாச்சுன்னு தெரியும். எல்லாம் நல்லா ஓடுது. இன்னும் ஒரு சுத்து சுத்தட்டுமா?"

டாங்கில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்குப் பெட்ரோல் இருந்தது. மேகம் இல்லை. காற்று இல்லை. எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்த்தாள்.

"ரெண்டு சுத்துங்க," என்றாள்.